கார்த்திகை மூச்சு

குளியலறைக்குள் குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. பிளாஸ்டிக் வாளியின் அடியில் தண்ணீர் தடதடவென்று விழுந்தது. இனி தீக்குச்சி உரசும் சத்தம்தான் பாக்கி, அது வெளியே கேட்கக் கூடாது என்பதற்குத்தான் இந்தக் குழாயே, ஆனால் முப்பது வருஷமாக ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகிறவளுக்குக் குழாய் எது, குச்சி எது என்று பிரித்துக் கேட்கத் தெரியாதா என்ன. சங்கரவடிவு அடுப்படிக்கும் குளியலறைக்கும் நடுவில் இருந்த இடைகழியில் முக்காலியைப் போட்டு, மடியில் மாற்றுச்சேலையும் துண்டுமாக உட்கார்ந்திருந்தாள். எப்போதும் அப்படித்தான். அவர் முதலில், அவர் வெளியே வந்த கையோடு அவள், குளியலறைக்குள் தேங்கியிருக்கிற வெந்நீர்க் கதகதப்பு போவதற்குள் குளித்துவிட வேண்டும், தை மாசத்துப் பனி பாளையங்கோட்டையில்கூட எலும்பு வரைக்கும் போகும், நெஞ்சு சரியில்லாதவள் பச்சைத்தண்ணீர்க் குளிரில் நிற்கக் கூடாது என்று அவர்தான் இந்த ஏற்பாட்டைச் செய்தார். குச்சி உரசாமலும் இருக்கலாம் என்று ஒரு நப்பாசை. நேற்றுச் சாயங்காலம்தான் மாலையைக் கழற்றினார். கார்த்திகை ஒன்றாம் தேதி போட்ட துளசிமணி மாலை, இரண்டு மாசம் கழுத்தில் கிடந்து, சபரிமலைக்குப் போய் ஜோதி பார்த்துத் திரும்பி வந்து, அவள்தான் கையில் வாங்கிப் பூஜை அலமாரியில் ஐயப்பன் படத்துக்கு மாட்டினாள். இரண்டு மாசம் விட்டவர் இன்னொரு நாள் விடலாமே, அப்புறம் இன்னொரு நாள். உரசினார். முதல் குச்சி பற்றவில்லை, நமுத்துப்போயிருக்கும், பெட்டி இரண்டு மாசமாகத் துண்டுகளுக்குப் பின்னால் கிடந்தது, அங்கே கிடப்பது அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். இரண்டாவது குச்சி. கதவுக்கு அடி வழியாகச் சிகரெட் வாசனை வந்து கால்விரலைத் தொட்ட மாதிரி இருந்தது. வாசனை காலைத் தொடுமா. தொட்டது, அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

கல்யாணமான புதிதில் இந்த வாசனை அவளுக்குப் பிடித்திருந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்ல. பிறந்த வீட்டில் அப்பாவுக்கு வெற்றிலை, சித்தப்பாவுக்கு மூக்குப்பொடி, சிகரெட் என்றால் டவுன் ஆட்களின் சமாசாரம். கூட்டுறவுப் பண்டகசாலையில் சூப்பர்வைசர் வேலை, மடிப்புக் கலையாத சட்டை, அதோடு இந்த வாசனை. அவர் குளித்துவிட்டு வந்ததும் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, புகையும் சோப்பும் கலந்து நிற்கிற அந்த வெதுவெதுப்பில் சும்மா நிற்பாள், ஆழமாக இழுத்துக்கூடப் பார்ப்பாள், தன் புருஷனின் வாசனை, வேறு யாருக்கும் கிடைக்காதது. கிடைக்காமல்தான் போயிற்று. வேறு யாருக்கும் கிடைத்துவிடக் கூடாது என்பதில் ஆவுடையப்பன் காட்டின ஜாக்கிரதையைச் சொத்து சேர்ப்பதில் காட்டியிருந்தால் இந்நேரம் ரெண்டு வீடு வாங்கியிருக்கலாம். ஒரே முற்றத்தைச் சுற்றி எட்டுக் குடித்தனம் இருக்கிற வளவு இது. குளியலறையின் மேல்சன்னல் முற்றத்தைப் பார்த்து இருந்தது, அதற்கு நேர் கீழே மாமனார் நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பார், புகை வெளியே போனால் அவர் தலையில்தான் இறங்கும். அப்பா முன்னால் கால்மேல் கால் போட்டுக்கூட உட்காராத பிள்ளை. அதனால் சன்னலுக்கு ஒரு அட்டையை வெட்டி ஆணியடித்து வைத்தார். நைந்துபோனால் புது அட்டை. மாமனாருக்குத் தெரியாமல் இல்லை. முற்றத்திலிருந்து உள்ளே வரும்போது காரணமே இல்லாமல் ஒரு கனைப்பு கனைப்பார், மகன் சுதாரித்துக்கொள்ளட்டும் என்று, இரண்டு பேருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு அப்படி ஒரு மரியாதை. அந்த மரியாதைக்கு நடுவில் அவள் குளித்துக்கொண்டிருந்தாள். மாமனார் காலமான பிறகாவது அட்டையைக் கழற்றியிருக்கலாம், அதற்குள் இவர் குருசாமி ஆகிவிட்டார். வருஷா வருஷம் வளவுப் பையன்களும் தெருப் பையன்களும் இவர் கையால் மாலை வாங்கிப் போடுகிறார்கள், காலில் விழுகிறார்கள், அவர்கள் கண்ணில் பட்டுவிடலாமா. ஆகக் காலையில் குளியலறை, மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் குளியலறை, ராத்திரி படுக்கிற அறையில் கதவையும் சன்னலையும் அடைத்துக்கொண்டு ஒன்றோ இரண்டோ, மழை என்றால் மூன்று. வெளியில் ஒரு குஞ்சுக்கும் தெரியாது. எல்லாம் உள்ளேயே. உள்ளே இருந்தது அவள்.

உள்ளே இருந்தவளுக்கு ஏன் இத்தனை நாள் உறைக்கவில்லை என்று கேட்டால் அவளிடம் பதில் இருந்தது, ஆனால் அந்தப் பதிலைச் சொல்ல அவளுக்கே கூச்சமாக இருந்தது. ஐயப்பன் இருந்தாரே. முதல் தடவை மூச்சு முட்டிய வருஷம் மகள் பகவதி ஐந்தாம் வகுப்பு. ஐப்பசி அடைமழை, நான்கு நாளாகச் சன்னலே திறக்கவில்லை. அரிசிச் சாக்கை ஓதம் படாத பக்கம் இழுத்துப் போடக் குனிந்தவளுக்கு நிமிர முடியவில்லை. காற்று கொஞ்சம் உள்ளே போயிற்று, போனது வெளியே வர மாட்டேன் என்றது, நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதினார்கள். ஆவுடையப்பன் அவளை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினார். மூக்கில் குழாய் மாட்டிக் கிடந்தவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார், அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தாள், அழுதுகொண்டே எழுந்து கீழே போய் ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து மறுபடி அழுதார். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, சிரித்தால் இருமல் வருகிறது. அங்கே வைத்துத்தான் நேர்ந்துகொண்டார். ஐயப்பா, பதினெட்டு வருஷம் உன் மலைக்கு வாரேன், இவ மூச்சை மட்டும் குடுத்திரு. கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டார். கறுப்பு வேட்டி, தரையில் பாய், காலில் செருப்பு கிடையாது, விடியுமுன் பச்சைத்தண்ணீர்க் குளியல். புருஷனை அவளும் சாமி என்றுதான் கூப்பிட்டாள். மாலை போட்டுப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும், துணி காயப்போட மச்சுக்கு ஏறிப் போனவள் மேலே போய் நின்ற பிறகுதான் நடுவில் எங்கும் நிற்காமல் வந்திருக்கிறோம் என்பதையே கவனித்தாள். அங்கேயே கைகூப்பினாள். வளவே கூடி நின்று ஆச்சரியப்பட்டது. எட்டாம் நம்பர் வீட்டு ஆச்சி தன் கழுத்துச் செயினைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாமியே என்றாள். தை பிறந்து மாலையைக் கழற்றியதும் மாசியில் ஒரு சின்ன இருமல், பங்குனியில் ராத்திரி விசில், ஐப்பசியில் மறுபடி ஆஸ்பத்திரி. மறுபடி கார்த்திகை, மறுபடி மூச்சு. ஊரே பனியில் இருமுகிற காலத்தில் அவள் ஒருத்தி மட்டும் குத்துக்கல்லாக நடமாடினாள். கடன் தீரலடி வடிவு, அதான் திரும்பத் திரும்ப வருது, பதினெட்டும் முடியட்டும், பாரு. இப்போது பதினெட்டு முடிந்துவிட்டது. இந்தத் தடவை, பதினெட்டாம் மலைக்கு உரிய வழக்கப்படி, இருமுடியோடு தென்னங்கன்றும் சுமந்து போய் மலையில் வைத்துவிட்டு வந்தார். நேற்று மாலையைக் கழற்றிக் கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, மகளைக் கட்டிக்கொடுத்த அன்றைக்குக்கூட அப்படி ஒரு நிம்மதி அந்த முகத்தில் இல்லை.

ஆனால் இந்த மார்கழியில் மூச்சு வரவில்லை. பாதிதான் வந்தது. அதுதான் பயம், அங்கேதான் நூல் அறுந்தது. மச்சுப்படியில் ஐந்தாவது படியில் நின்றாள், பத்தாவது படியில் உட்கார்ந்தாள், மார்கழி மாசத்தில், சாமி கழுத்தில் மாலை இருக்கும்போது. அவரிடம் சொல்லவில்லை. பதினெட்டாவது மலைக்குப் போகிறவரிடம் ஐயப்பன் கைவிட்டுவிட்டார் என்று எந்த வாயால் சொல்வது. அவர் மலைக்குப் புறப்பட்ட மறுநாள், கோயம்புத்தூரிலிருந்து பகவதி போனிலேயே நேரம் வாங்கித் தந்திருந்த நெஞ்சு டாக்டரிடம் தனியாகப் போனாள். சின்ன வயசு டாக்டரம்மா. முதலில் ஒரு அறையில் மூக்கில் கிளிப்பை மாட்டி, வாயில் ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார்கள். ஊதுங்கம்மா, ஊதுங்க, இன்னும், இன்னும், விட்றாதீங்க, இன்னும் என்று அந்தப் பெண் பிரசவ அறையில் கத்துகிற மாதிரிக் கத்தினாள். இன்னும் எங்கே இருக்கிறது, இருந்தால் ஊத மாட்டாளா. கம்ப்யூட்டரில் ஒரு கோடு ஏறி உடனே படுத்துக்கொண்டது. டாக்டரம்மா அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு உங்களுக்கு என்ன வயசு என்றாள். ஐம்பத்து நாலு. உங்க நுரையீரலுக்கு எண்பது ஆகுதும்மா. போன நுரையீரல் திரும்ப வராது, இருக்கிறதை வேணா காப்பாத்தலாம். பிறகு கேட்டாள், வீட்டுல யாராவது சிகரெட் பிடிப்பாங்களா? இல்லீங்க என்றாள் வடிவு. பட்டென்று வந்துவிட்டது, யோசிக்கவே இல்லை, முப்பது வருஷமாக அட்டை அடித்து மூடி வைத்ததை ஒரு வார்த்தையில் திறந்துவிட முடியுமா. விறகடுப்பு? கேஸ்தான். மில் வேலை? கிடையாது. சாம்பிராணி? போடுவோம், கார்த்திகை மார்கழியில் ரெண்டு நேரமும் போடுவோம், ஆனா அந்த ரெண்டு மாசந்தாங்க எனக்கு மூச்சே நல்லாருக்கும். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். பனியில எல்லாருக்கும் கூடும், உங்களுக்குக் குறையுதா? அந்த ரெண்டு மாசத்துல வீட்டுல என்னம்மா மாறுது? எங்க வீட்டுக்காரங்க மலைக்கு மாலை போடுவாங்க. மாலை போட்டா எதையெல்லாம் விடுவாரு? வடிவு பெருமையாகத்தான் சொல்ல ஆரம்பித்தாள். மெத்தையை விட்ருவாங்க, தலகாணி கிடையாது, செருப்பு கிடையாது, முகம் மழிக்க மாட்டாங்க, ராத்திரி பலகாரந்தான், பெறகு. பெறகு என்று சொன்ன வாய் அப்படியே நின்றது. டாக்டரம்மா பேனாவை எடுத்துச் சீட்டில் புகை என்று எழுதி அவள் பக்கம் நகர்த்தினாள்.

பெறகு. ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் வரும்போதும் பெறகு, சோறு வடிக்கும்போதும் பெறகு, அவர் திரும்பி வரும்வரை மூன்று ராத்திரியும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தபோதும் அந்த வார்த்தை அங்கேயே நின்றது. சிகரெட் குடிக்கிறவருக்கு ஒன்றும் இல்லையே. அதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. சினிமாவில் காட்டுகிறான், பெட்டியில் படம் போடுகிறான், வாய் வெந்தவன், தொண்டையில் ஓட்டை போட்டவன், எல்லாம் குடிக்கிறவன்தான். இவர் ஐம்பத்தொன்பது வயசில் கரிமலை ஏற்றத்தைச் சரணம் சொல்லிக்கொண்டே ஏறுகிறார், பையன்கள் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறார்கள். நெஞ்சு தேக்குக்கட்டை. அவர் இழுத்து விட்டதை அவள் இழுத்து வைத்துக்கொண்டாளா, அவர் எச்சில் தட்டில் சாப்பிடுகிற மாதிரி அவர் எச்சில் புகையையும். பகவதி. திடீரென்று பகவதி ஞாபகம் வந்து வடிவு முக்காலியில் நேராக உட்கார்ந்தாள். பள்ளிக்கூடம் போகிற வயசு முழுக்க அந்தப் பிள்ளைக்குச் சளி, மூக்கொழுகல், மாசத்துக்கு ரெண்டு தடவை மருந்து, காலேஜுக்கு என்று ஹாஸ்டலில் கொண்டு விட்ட மூன்றாம் மாசம் எல்லாம் போய்விட்டது. கோயம்புத்தூர்த் தண்ணி அவளுக்கு ஒத்துக்கிட்டு என்று எல்லோரிடமும் சொன்னார்களே, அவளும் சொன்னாளே, சிறுவாணித் தண்ணி, சிறுவாணித் தண்ணி என்று. ஆத்திரமாக வந்தது. இந்த மனுஷன்மேல் வந்தது, செத்துப்போன மாமனார்மேல் வந்தது, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கனைக்காமல் உள்ளே வந்து என்னலே செய்யுத என்று கேட்டிருக்கக் கூடாதா. தன்மேலும் வந்தது, பிடித்துத்தானே நின்றாள் அந்தப் புகைக்குள். ஆத்திரம் வந்தால் மூச்சு இரட்டிப்பாகச் செலவாகிறது. கதவைத் தட்டிச் சொல்லிவிடலாம். ஏங்க, அத அணைங்க. மூன்று வார்த்தை. சொன்னால் அவர் உடனே அணைப்பார், பயந்து அணைப்பார், ஏன் என்று கேட்பார். அங்கேதான் வழி அடைத்துக்கொள்கிறது. ஏன் என்று சொன்னால் பதினெட்டு வருஷமும் சரிந்து விழும். வெறுங்காலில் நடந்தது, பாயில் படுத்தது, மழையில் நனைந்துகொண்டே அவள் பெயரைச் சொல்லி நெய்த்தேங்காய் உடைத்தது, தென்னங்கன்று. உங்க சாமி ஒண்ணும் செய்யல, நீங்க பத்தவைக்காம இருந்ததுதான் மருந்து என்று அவரிடம் சொல்ல வேண்டும். ஒரு மனுஷனிடமிருந்து சிகரெட்டைப் பிடுங்கலாம், கூடவே சாமியையும் பிடுங்கினால் அவருக்கு என்ன மிச்சம். சொல்லாவிட்டால் அவளுக்கு என்ன மிச்சம். எண்பது வயசு நெஞ்சு. சாவுக்கு அவள் அவ்வளவாகப் பயப்படவில்லை, முட்டலுக்குத்தான் பயந்தாள், ஈரத்துணியை மூக்கில் கட்டிவிட்டு ஓடு ஓடு என்று விரட்டுகிற மாதிரி அந்த முட்டல், அதை ஒரு தடவை பட்டவர்களுக்குத்தான் தெரியும். உள்ளே அவர் இருமினார். குழாயை இன்னும் கொஞ்சம் திறந்தார். மறுபடி குச்சிப் பெட்டிச் சத்தம். இன்னொன்றா. இரண்டு மாசத்துக்கும் சேர்த்தா. அவள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள், பொத்தினால் இருக்கிற காற்றும் வரவில்லை, எடுத்துவிட்டாள்.

முற்றத்துப் பக்கத்துக் கதவை யாரோ விரலால் தட்டினார்கள். எழுந்து போய்த் திறப்பதற்குள் மூன்று தடவை தட்டியாகிவிட்டது. பனிக்காற்று உள்ளே வந்தது. மூன்றாம் வீட்டுப் பேச்சிமுத்து, போன வருஷம் குடிவந்தவன், செல்போன் கடையில் வேலை, கண் இரண்டும் சிவந்து கிடந்தன. “மதினி, குருசாமி இருக்காங்களா?”

“குளிக்காங்கடே. இப்ப வந்துருவாங்க. என்ன, தூங்கலியா?”

“எங்க தூங்க. பிள்ளைக்கு ராத்திரி பூரா இழுப்பு. நெஞ்சுக்குள்ள பூனைக்குட்டி கெடந்து கத்துத மாதிரி இருக்கு மதினி. அவ மடியில போட்டுட்டு விடிய விடிய உக்காந்திருக்கா.” பேசும்போது அவன் வாயிலிருந்து அதே வாசனை வந்தது. வளவுக்கு வெளியே எங்கேயோ நின்று ஒன்றை முடித்துவிட்டு வந்திருக்கிறான், குருசாமியைப் பார்க்கப் போகிறோமே என்று சட்டைப்பைக்குள் பெட்டியைக் குப்புறத் தள்ளி வைத்திருந்தான், சதுரமாகப் புடைத்துக்கொண்டு தெரிந்தது. “உங்களுக்கு இப்பிடித்தான இருந்துச்சாம். குருசாமி நேந்துக்கிட்டு மலைக்குப் போயித்தான் சரியாச்சுன்னு வளவே சொல்லுது. அதான் மதினி, நானும் இப்பமே நேந்துக்கிடுதேன், வார கார்த்திகைக்கு மாலை போட்டுருதேன். பதினெட்டு வருஷம்னாலும் போறேன்.”

வடிவு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். பதினெட்டு வருஷம் என்று அவன் லேசாகச் சொன்னான், ஊருக்குப் போய்விட்டு வருகிறேன் என்கிற மாதிரி. அந்தப் பிள்ளைக்கு இரண்டு வயசுதான் இருக்கும், முற்றத்தில் ஓடும்போது காலில் கொலுசு சத்தம் கேட்கும், கொஞ்ச நாளாகக் கேட்கவில்லை. கார்த்திகைக்கு இன்னும் பத்து மாசம் இருக்கிறது. கார்த்திகையில் இவன் மாலை போடுவான், போட்டதும் பெட்டியைத் துண்டுக்குப் பின்னால் ஒளித்து வைப்பான், பிள்ளைக்கு மூச்சு வரும், வளவு கைகூப்பும். தையில் மாலையைக் கழற்றுவான். அவளுக்கு இந்தக் கதை முழுசும் மனப்பாடம். சொல்லு, இவனிடமாவது சொல்லு என்று உள்ளே ஒன்று பிடித்து நெட்டியது, இவனிடம் சொன்னால் அவரைச் சொன்னதாகிவிடுமே என்று இன்னொன்று பின்னால் இழுத்தது, சம்பாதித்து வைத்திருக்கிற பெயர் இந்த ஒன்றுதானே அவருக்கு, குருசாமி. வாயைத் திறந்தாள். இருமல்தான் வந்தது.

தாழ்ப்பாள் திறந்தது. ஆவுடையப்பன் ஈரத்தலையும் இடுப்பில் துண்டுமாக வெளியே வந்தார், அவரோடு புகையும் வந்து இடைகழியில் நிறைந்தது. ஆள் நிற்பதைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் குளியலறைக் கதவைப் பின்னாலேயே இழுத்துச் சாத்தினார். “என்னடே பேச்சிமுத்து, காலங்காத்தால?” அவன் மறுபடி முழுசும் சொன்னான். கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்தது. அவன் தோளில் கையைப் போட்டார். “தாராளமா போடு. நானே போட்டு விடுதேன். பயப்படாத. இந்தா நிக்காளே உங்க மதினி, இவளை நான் ஆஸ்பத்திரியில பாத்த கோலத்துக்குப் பொழைப்பான்னு யாரும் சொல்லல. எல்லாம் அவன் குடுத்த மூச்சு. இந்த வருஷத்தோட கடன் தீந்துது, இனி ஒண்ணும் வராது.” பிறகு அவளைப் பார்த்து, “வெந்நி ஆறிரும், நீ உள்ள போ” என்றார்.

அவள் போகவில்லை. “அந்தப் பிள்ளைக்கு மாலை வேண்டாங்க,” என்றாள். “இவன் சிகரெட்ட விட்டாப் போதும்.”

பேச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டான். ஆவுடையப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “என்ன பேசுத?”

“நீங்க மலைக்குப் போயிருக்கும்போது டாக்டரம்மாட்ட போனேன். இந்த மார்கழியில எனக்கு மூச்சு வரல. உங்ககிட்ட சொல்லல.” நிறுத்தி, மூச்சு எடுத்து, மறுபடி தொடங்கினாள். “எனக்கு வந்தது புகையினாலதானாம். கார்த்திகையும் மார்கழியும் மட்டும் ஏன் நல்லாருக்குன்னா, அந்த ரெண்டு மாசமும் வீட்டுல புகை இல்ல. அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல.”

வளவில் யாரோ குடத்தை நங்கென்று வைத்தார்கள். ஆவுடையப்பன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார், தலையிலிருந்து தண்ணீர் நெற்றி வழியாக இறங்கியதை அவர் துடைக்கவில்லை. கோபப்படுவார் என்று அவள் நினைத்தாள். அவர் குரல் சின்னப்பிள்ளைக் குரலாக இருந்தது. “அப்ப ஐயப்பன் ஒண்ணும் செய்யலங்கியா?”

“செஞ்சாரு. வருஷத்துக்கு ரெண்டு மாசம் உங்களப் பிடிச்சு நிறுத்தி வச்சாருல்ல. மத்த பத்து மாசமும் நீங்க செஞ்சதுங்க.” சொல்லிவிட்டாள். இவ்வளவு சுலபமாக வரும் என்று தெரிந்திருந்தால் முன்னமே சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது, உடனே முன்னமே எங்கே தெரிந்தது என்றும் தோன்றியது. அவர்மேல் அவளுக்கு இப்போது ஆத்திரம் இல்லை. பாவமாக இருந்தது, அந்தப் பாவம் ஆத்திரத்தைவிடக் கனமாக நெஞ்சில் உட்கார்ந்தது.

“நான் பெறகு வாரேன் குருசாமி,” என்று பேச்சிமுத்து மெதுவாக நழுவப் பார்த்தான்.

“நில்லுடே,” என்றார் ஆவுடையப்பன். அவனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக் கேட்டார். “நீ எங்க வச்சுக் குடிக்க?”

“வெளியதான் சாமி. மழை பெஞ்சா... சன்னல் பக்கத்துல நின்னுட்டு.”

“பிள்ளை?”

“ஒரே ரூம்புதான சாமி.”

அவர் திரும்பிக் குளியலறைக் கதவை நன்றாகத் திறந்துவிட்டார். உள்ளே புகை இன்னும் கலையாமல் பல்பைச் சுற்றி நின்றது. “நான் இதுக்குள்ள வச்சுக் குடிப்பேன்,” என்றார். “உங்க ஒருத்தனுக்கும் தெரியாது. அடுத்தாப்ல இவ உள்ள போயிக் குளிப்பா. குளிரும்னு நான்தான் கதவைத் தொறக்காத, உடனே போன்னு சொல்லுவேன்.” பேச்சிமுத்துவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. குருசாமியின் வாயிலிருந்து இதைக் கேட்டதற்கு அவன்தான் தப்புச் செய்தவன் மாதிரி நெளிந்தான். வடிவுக்கு அழுகை வந்தது, மூக்கு அடைத்துவிடுமே என்ற பயத்தில் அதை விழுங்கினாள்.

ஆவுடையப்பன் அவள் பக்கத்தில் வந்தார். அவள் உட்கார்ந்திருந்த முக்காலியைக் காலால் நகர்த்திக் கதவோரம் காற்று வருகிற இடத்தில் போட்டு, தோளைப் பிடித்து உட்கார வைத்தார். “இனி தொட மாட்டேன்,” என்றார். “எங்கப்பா மேல சத்தியம், அந்த ஐயப்பன் மேல சத்தியம், இனி இந்த ஜென்மத்துல தொட மாட்டேன். வடிவு, நான் விட்டுட்டா உனக்குச் சரியாயிரும்லா?”

அவர் கண்ணைப் பார்த்தாள். ஆமா என்று சொல்லி அவரைத் தேற்றிவிடலாம், வருஷா வருஷம் மாசியில் மூச்சு எப்படி இருக்கு என்று அவர் கேட்கும்போது நல்லாருக்குங்க என்று சொல்லித் தேற்றியவள்தானே. அதைச் சொல்ல வாய் எழவில்லை.

“எனக்கு இனி சரியாகாதுங்க,” என்றாள். “அவன் பிள்ளைக்கு ஆகும்.”

பேச்சிமுத்து சட்டைப்பையை ஒரு கையால் பொத்திக்கொண்டு வாசற்படியிலேயே நின்றான்.